அம்மாவைப் படம் எடுக்க எந்தப் புத்தகம்?

"மேடம், போட்டோகிராஃபி கத்துக்க நல்ல புக்கு ஒண்ணு சொல்லுங்க. எங்கம்மாவ ஒரு படம் எடுக்கணும்."

கேட்டவள் இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய கிராமத்திலிருந்து வருபவள். அவளுடைய அம்மா அங்கே ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. வீட்டில் அம்மாவின் படங்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று கல்யாணப் படம். தலை குனிந்திருப்பதால் பாதி முகம்தான் தெரியும். இன்னொன்று கழுத்தில் தொங்கும் கம்பெனி அடையாள அட்டையில் இருப்பது. "ரெண்டுலயும் எங்கம்மா இல்ல மேடம்" என்றாள்.

நான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நூலகத்தில் இருந்த ஒரே ஒரு ஆங்கிலக் கேமரா வழிகாட்டியை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்: "இதுல பொம்பளைங்க எல்லாரும் படத்துக்குள்ள இருக்காங்க மேடம். கேமரா வெச்சிருக்கறது மட்டும் ஆம்பளைங்க."

சிற்றிலக்கியங்களில் பெண்ணுடல் வருணனையை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவள் நான். பாதாதிகேசம் என்றொரு வகை நம்மிடம் உண்டு. பாட்டுடைத் தலைவனையும் தெய்வத்தையும்கூட அப்படிப் பாடியிருக்கிறார்கள் என்றாலும், அடி முதல் முடி வரை பெண்ணை உறுப்பு உறுப்பாக எண்ணிச் செல்லும் பழக்கத்தைப் பற்றி எத்தனையோ வகுப்புகளில் பேசியிருக்கிறேன். அந்தக் கேமரா வழிகாட்டியைப் புரட்டியபோது, 'பெண்களைப் படம் எடுப்பது எப்படி' என்ற அத்தியாயத்தில் அதே பாதாதிகேசம் உரைநடையில் இருந்தது. கழுத்துக்கு எந்த விளக்கு, கன்னத்துக்கு எந்தக் கோணம், இடுப்பு ஒடுங்கித் தெரிய எப்படித் திரும்பி நிற்கச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் இதையே பாடம் நடத்திய என் கண்ணுக்குப் படாதது பத்தொன்பது வயதுப் பெண்ணின் கண்ணுக்கு ஒரே வாரத்தில் பட்டுவிட்டது.

ஒளிப்படம் கற்க நல்ல புத்தகம் எது என்று தேடத் தொடங்கியது அன்றுதான். தேடப் போனால் அது கேமராவின் வரலாறாக விரிந்தது. யார் பார்த்தார்கள், யார் பார்க்கப்பட்டார்கள், யாருடைய பெயர் அட்டையில் அச்சானது என்ற வரலாறு.

*

முதலில், முதல் புத்தகம்.

ஒளிப்படங்களைக் கொண்டு வெளிவந்த முதல் நூல் எது என்று கேட்டால், வெகுகாலம் வரலாற்று நூல்கள் சொல்லிவந்த பதில் ஹென்றி ஃபாக்ஸ் டால்போட்டின் 'பென்சில் ஆஃப் நேச்சர்'. அது 1844இல் வெளிவரத் தொடங்கியது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, 1843 அக்டோபரில், இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் என்ற பெண் கடற்பாசிகளைப் பற்றிய நூலின் முதல் பகுதியைக் கொண்டுவந்துவிட்டார். பிரிட்டனின் பாசிகளை ஒவ்வொன்றாக இரசாயனம் தடவிய தாளின்மேல் பரப்பி, வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசி எடுத்த நீலப் படங்கள். பக்கங்களில் உள்ள எழுத்துகளும் அவர் கைப்பட எழுதி அதே முறையில் அச்சிட்டவைதான். பத்து ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தார். முன்னுரையின் கீழ் 'ஏ.ஏ.' என்ற முதலெழுத்துகளை மட்டும் போட்டார். பின்னாளில் அதைப் பார்த்த ஒருவர், அந்த இரண்டு எழுத்துகளும் 'பெயர் தெரியாத ஆர்வலர்' என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டார். அட்கின்ஸின் பெயர் வரலாற்றில் தனக்குரிய இடத்துக்கு வந்து சேர 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆனது.

அவர் பயன்படுத்திய முறைக்கு சயனோடைப் என்று பெயர். ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்தது. பிறகு பொறியியல் வரைபடங்களை நகலெடுக்க உலகம் முழுவதும் பயன்பட்ட 'ப்ளூ பிரிண்ட்' இதே இரும்பு உப்பு முறைதான். இதை வகுப்பில் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "எங்கப்பா ஃபேப்ரிகேஷன் ஷாப்புல டிராயிங்க இன்னும் ப்ளூ பிரிண்ட்டுன்னுதான் மேடம் சொல்வாரு" என்றாள். கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளிலும் பட்டறைகளிலும் அன்றாடம் புழங்கும் ஒரு சொல்லுக்குப் பின்னால் கடற்கரையில் பாசி பொறுக்கிய ஒரு பெண் இருக்கிறார் என்பதை அன்றைக்கு நாங்கள் எல்லோருமே புதிதாகத் தெரிந்துகொண்டோம்.

ஒளிப்பட வரலாற்று நூல் ஒன்றைக் கையில் எடுத்தால் அட்கின்ஸின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். டால்போட்டோடு தொடங்கி ஆண்களின் வரிசையாகவே முடியும் நூலானால், அது எழுதப்பட்ட காலத்தின் கண்ணும் அதில் சேர்ந்தே வருகிறது என்று தெரிந்துகொண்டு படிக்கலாம்.

*

சென்னை இந்தக் கதைக்குள் வெகு சீக்கிரமே வந்துவிட்டது. அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய ஓவியப் பள்ளியில் ஒளிப்படமும் பாடமாயிற்று. 1850களிலேயே இங்கே ஒளிப்படச் சங்கம் ஏற்பட்டது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். அவருக்குத் துணையாக இருந்தவர் அந்த ஓவியப் பள்ளியில் பயின்ற அய்யாசாமி.

கோயிலும் கல்வெட்டும் எடுத்த கேமரா அடுத்து மனிதர்கள் பக்கம் திரும்பியது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த 'பீப்பிள் ஆஃப் இந்தியா' நானூறுக்கும் மேற்பட்ட படங்களால் இந்தியர்களைச் சாதி, குலம், இனம் என்று அடுக்கியது. 1857இன் கிளர்ச்சிக்குப் பிறகு ஆள்வதற்காகத் தெரிந்துகொள்ளும் வேகத்தில் பிறந்த நூல் அது. தெற்கே அதே வேலையைச் செய்தவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். மூக்கின் அகலமும் மண்டையின் நீளமும் அளந்து மனிதர்களை வகைப்படுத்தியவர். அருங்காட்சியகம் பார்க்க வந்தவர்களையும் அவருடைய அளவுகோல் விடவில்லை. கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் எழுதிய தென்னிந்தியச் சாதிகளும் குலங்களும் பற்றிய ஏழு தொகுதிகள் 1909இல் வெளியாயின.

அந்தத் தொகுதிகளை மாணவிகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு சனிக்கிழமை கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறினோம். பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் கடந்து சென்ட்ரலில் இறங்கி, எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போனோம். 1896இல் திறக்கப்பட்ட அந்த நூலகம் அருங்காட்சியக வளாகத்திலேயே இருக்கிறது. தர்ஸ்டன் அளவெடுத்த அதே வளாகம்.

இரண்டாம் தொகுதியில் இருளர் பற்றிய பகுதி வருகிறது. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்கு அது வெறும் ஏட்டுச் செய்தி இல்லை. செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களின் பிள்ளைகளும் இன்று இந்த மாவட்டத்துப் பள்ளி, கல்லூரிகளில் படிக்கிறார்கள். தொகுதிகளைப் புரட்டிக்கொண்டே வந்த என் மாணவி ஒரு பெண்ணின் படத்தில் விரலை வைத்து, "இவங்க பேரு என்ன மேடம்?" என்று கேட்டாள். கீழே ஒரு சாதியின் பெயர் மட்டும் இருந்தது. அடுத்த படத்திலும் அப்படியே. நேராகப் பார்க்கும் முகம், பக்கவாட்டில் கை, பெயர் இல்லை. நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கம்மா ஐடி கார்டு மாதிரியே இருக்கு" என்றாள்.

அவள் சொன்னது தற்செயலான ஒற்றுமை இல்லை. தர்ஸ்டன் அளவெடுத்துக்கொண்டிருந்த அதே பத்தாண்டுகளில்தான் பாரிஸ் காவல்துறையில் அல்போன்ஸ் பெர்த்தியோன் குற்றவாளிகளை முன்னிருந்து ஒன்று, பக்கவாட்டிலிருந்து ஒன்று என்று படம் எடுத்துக் கோப்பில் வைக்கும் முறையை நிலைநாட்டினார். நேராகப் பார், சிரிக்காதே, பின்னணி வெறுமையாக இருக்கட்டும் என்று இன்றைக்கு அடையாளப் படத்துக்கு நாம் கட்டுப்படும் விதிகள் அந்த வழியில் வந்தவை. அந்தப் படம் எடுக்கப்படுவதே, ஆளை உள்ளே விடலாமா கூடாதா என்று வாசலில் இருப்பவர் முடிவு செய்வதற்குத்தான்.

இந்த அளவுகோலைத் திருப்பிப் பிடித்த ஒரு நூலும் உண்டு. பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலாவும் ஒளிப்படக்காரர் கிளேர் ஆர்னியும் 2000 முதல் 2004 வரை 'தென்னிந்தியப் பூர்வகுடிப் பெண்கள்: பழக்கவழக்கங்கள்' என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் ஒரு படத்தொடரை உருவாக்கினார்கள். காலனிய இனவரைவியல் படங்களில் வரும் கட்டம்போட்ட பின்திரைக்கு முன்னால் புஷ்பமாலா தானே போய் நின்றுகொண்டார். அளக்கப்படுபவளும் படத்தை உருவாக்குபவளும் அவரே. தர்ஸ்டனைப் படித்த கையோடு அந்தப் படங்களைப் பாருங்கள். சிரிப்பு வரும், பிறகு கோபம் வரும்.

*

கேமராவுக்குப் பின்னால் பெண்கள் இருக்கவே இல்லையா? இருந்தார்கள். 1892இல் லாலா தீன் தயாள் ஹைதராபாத்தில் பெண்களுக்கென்று தனி ஸ்டுடியோ திறந்தபோது அதை நடத்தியவர் கென்னி-லெவிக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. கல்கத்தாவில் அன்னபூர்ணா தத்தா வீடு வீடாகப் போய்ப் படமெடுத்து அதை வருமானமாக்கிக் குடும்பத்தைக் காத்தவர். ஆனால் இவர்களைத் தேடிக் கண்டெடுக்கத் தனி ஆய்வுகள் தேவைப்பட்டன. வங்காளப் பெண்களின் தொடக்ககால ஒளிப்படங்களைப் பற்றி மாளவிகா கார்லேகர் எழுதிய நூல்கள் அத்தகையவை.

ஒரே ஒரு பெண்ணின் நூலை மட்டும் வாங்க முடியும் என்றால் ஹோமாய் வியாரவல்லாவைப் பற்றி சபீனா கடிஹோக் எழுதி 2006இல் வெளிவந்த நூலைச் சொல்வேன். ஹோமாய் 1913இல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தவர். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக்காரர். 1947இல் கொடியேற்றம், மவுண்ட்பேட்டன் விடைபெறல், காந்தியின் இறுதி ஊர்வலம் என்று நாம் பாடநூல்களில் பார்த்துப் பழகிய காட்சிகள் பலவற்றின்போது கேமராவோடு அங்கே நின்றவர். தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் மானெக்ஷாவின் பெயரில் வெளிவந்தன. பிறகு 'டால்டா 13' என்ற புனைபெயர் வந்தது. 1970இல் கேமராவைக் கீழே வைத்தவர், நாற்பது ஆண்டுகள் கழித்து, 2011இல் பத்ம விபூஷண் பெற்றார். மறு ஆண்டு மறைந்தார். கடிஹோக்கின் நூலில் படங்களோடு ஹோமாயின் பேச்சும் இருக்கிறது. எந்தக் கேமரா, எவ்வளவு கனம், சேலை கட்டிக்கொண்டு ஆண்களின் கூட்டத்துக்குள் எப்படி இடம் பிடிப்பது என்றெல்லாம் ஒரு பெண்ணின் வாயிலிருந்தே கேட்கக் கிடைப்பது வேறெந்தக் கேமரா வழிகாட்டியிலும் வராத பாடம்.

*

"அப்ப டெக்னிக்கே வேணாமா மேடம்?" என்றாள் என் மாணவி. கட்டாயம் வேண்டும். கருவியைக் கையாளத் தெரியாதவளை யாரும் மதிப்பதில்லை என்பது பெண்களுக்குப் பழைய பாடம். யாப்பு தெரிந்த பிறகுதான் யாப்பை மீற முடியும் என்று கவிதை வகுப்பில் சொல்கிறேன், இங்கும் அதுதான்.

துளை, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ மூன்றும் ஒன்றையொன்று எப்படி ஈடுகட்டுகின்றன என்று எளிமையாகச் சொல்வது பிரையன் பீட்டர்சனின் 'அண்டர்ஸ்டாண்டிங் எக்ஸ்போஷர்'. முதலில் 1990இல் வந்தது. பலமுறை திருத்திப் பதிப்பிக்கப்பட்டது. புதிய பதிப்பைத் தேடி எடுங்கள். ஆன்செல் ஆடம்ஸின் 'தி கேமரா', 'தி நெகட்டிவ்', 'தி பிரிண்ட்' மூன்றும் பிலிம் காலத்தவை. ஒளியை முன்கூட்டியே மனத்தில் பார்க்கும் பழக்கத்துக்காக இன்றும் படிக்கலாம், தொடங்குகிறவர்களுக்கு அவசரமில்லை. தமிழில் ஒளிப்பதிவாளர் சி.ஜெ. ராஜ்குமார் எழுதிய 'அசையும் படம்', 'பிக்சல்' இரண்டும் திரைப்பட ஒளிப்பதிவைப் பற்றியவை. என்றாலும் ஒளி, லென்ஸ் பற்றிய அடிப்படைகளை நம் மொழியில் படிக்க உதவுகின்றன.

தொழில்நுட்ப நூலைத் தேர்ந்தெடுக்கும்போது நான் ஒன்றைப் பார்ப்பேன். கறுத்த தோலைப் படம் எடுப்பது பற்றி அதில் ஏதாவது இருக்கிறதா? வண்ண பிலிம் காலத்தில் ஆய்வகங்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் 'ஷெர்லி அட்டை' என்று ஒன்றை அனுப்பும். பல்லாண்டுகள் அந்த அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் தோல் சரியாக வந்தால் படம் சரி என்று பொருள். நம் ஊர் ஸ்டுடியோக்களில் பெண் பார்க்க அனுப்பும் படத்தைச் 'சிவப்பாக்கி'க் கொடுக்கும் வழக்கத்தையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளையடித்த சுவருக்கு முன் ஒரு பெண்ணை நிறுத்தினால், சுவரின் வெண்மையைக் குறைக்கப் போய் அவள் முகத்தை இருட்டாக்கிவிடும். "கறுப்பா இருக்கறதால படத்துல நல்லா வரமாட்டேங்குது" என்று தலைமுறை தலைமுறையாக நம் பெண்கள் சொல்லிவருகிறார்களே, அந்தக் கோளாறு தோலில் இல்லை, அளவீட்டில் இருக்கிறது. போன் திரையில் முகத்தின்மேல் விரலை வைத்து ஒளியைக் கொஞ்சம் ஏற்றுங்கள். சுவரை விட்டு விலக்கி, வாசல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காரவையுங்கள். போதும்.

*

கருவிக்கு அடுத்து கண். ஜான் பெர்ஜரின் 'வேஸ் ஆஃப் சீயிங்' 1972இல் வந்த சிறிய நூல். ஏழு கட்டுரைகளில் மூன்றில் எழுத்தே கிடையாது, படங்கள் மட்டும்தான். ஆங்கிலம் தடையாக இருக்கும் மாணவி அங்கிருந்தே தொடங்கலாம். ஆண் பார்ப்பதும், பார்க்கப்படுகிற தன்னைப் பெண் தானே பார்த்துக்கொண்டிருப்பதும் ஐரோப்பிய ஓவியத்தில் எப்படி ஊறிப்போயிருக்கிறது என்று அவர் காட்டுவதைக் கோயில் தூணுக்கும் காலண்டருக்கும் பொருத்திப் பார்க்கலாம். சூசன் சொன்டாக்கின் 'ஆன் ஃபோட்டோகிராஃபி' 1977இல் வந்தது. ஒளிப்படத்தைப் பற்றிய அந்த நூலில் ஒரு படம்கூட இல்லை. படம் எடுப்பதில் உள்ள அபகரிப்பை அவர் அளவுக்குக் கடுமையாகச் சொன்னவர்கள் குறைவு. ரோலான் பார்த் தாயை இழந்த துக்கத்தில் எழுதிய 'கேமரா லூசிடா' 1980இல் வந்தது. தாயின் ஐந்து வயதுப் படம் ஒன்றைப் பற்றியே நூல் சுற்றிச் சுற்றி வரும். அந்தப் படத்தை மட்டும் அவர் நூலில் போடவில்லை. கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் ஒரு மாணவியிடம் இதைச் சொன்னேன். "எங்க அம்மம்மா கடல்கடந்து வரேக்க கொண்டந்தது ஒரே ஒரு படம். அதை ஒருத்தருக்கும் காட்டமாட்டா" என்றாள். பார்த்தை அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தொழிற்பேட்டைப் பிள்ளைகளுக்கு என்று குறிப்பாக ஒரு நூல் சொல்ல வேண்டுமானால் கிறிஸ்டோபர் பின்னியின் 'கேமரா இண்டிகா' (1997). மத்தியப் பிரதேசத்தில் செயற்கை இழை ஆலையைச் சுற்றி வளர்ந்த நாக்தா என்ற ஊரின் ஸ்டுடியோக்களைப் பற்றிய ஆய்வு அது. தாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதைவிட எப்படி இருக்க முடியும் என்பதைக் காட்டவே அந்த மக்கள் கேமரா முன் வந்தார்கள் என்கிறார். தமிழ் ஸ்டுடியோக்களின் பழைய படங்களையும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆவணத் திட்டமும் சேர்ந்து எண்ணிமமாக்கியிருக்கின்றன. அத்தகைய பழைய தம்பதிப் படங்களைப் பாருங்கள். பலவற்றில் நாற்காலி கணவனுக்கு. மனைவி அதன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள்.

கௌரி கில்லின் 'பாலிகா மேளா' (2012) இந்த மரபை மாற்றிப்போட்ட நூல். ராஜஸ்தானின் லூண்கரன்சரில் 2003இல் நடந்த சிறுமியர் விழாவில் அவர் ஒரு கூடாரத்தை ஸ்டுடியோவாக்கினார். எப்படி நிற்பது, யாரோடு நிற்பது, கையில் எதை வைத்துக்கொள்வது என்பதைச் சிறுமிகளே முடிவு செய்தார்கள். புத்தகம் வாங்கப் பணமில்லாதவர்களுக்கு, சாய்நாத் தொடங்கிய 'பாரி' ஆவணக்காப்பகம் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கிறது. மதுரைப் பக்கத்துப் பழனிக்குமார் அதில் எடுக்கும் உழைக்கும் பெண்களின் படங்களின் கீழே அந்தப் பெண்களின் பெயர்களைப் படியுங்கள். தர்ஸ்டனின் தொகுதியில் இல்லாதது அங்கே இருக்கிறது.

எனவே ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நான் கேட்பவை இவை. எடுத்தவர்களில் எத்தனை பேர் பெண்கள்? எடுக்கப்பட்டவர்களுக்குப் பெயர் இருக்கிறதா? நம் தோலும் நம் வெயிலும் அதில் உண்டா? படம் எடுக்கும் முன் சம்மதம் கேட்கச் சொல்கிறதா? நான்குக்கும் சரியான பதில் சொல்லும் புத்தகம் ஒன்றைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை. ஆகவே ஒன்றாக வாங்காதீர்கள். கருவிக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, ஒரு பெண்ணின் படங்கள் கொண்டது ஒன்று என்று மூன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மறைப்பதை இன்னொன்று காட்டிக்கொடுக்கும்.

*

தொழிற்சாலைக்குள் போனைக் கொண்டுபோக முடியாது. அம்மா வேலை செய்யும் இடத்தைப் படம் எடுக்கும் ஆசை அவளுக்கு நிறைவேறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் எடுத்தாள், நானும் போயிருந்தேன். வாசல் வெளிச்சத்தில் அம்மாவை வரச் சொன்னாள். அந்த அம்மா வந்து, கைகளைப் பக்கவாட்டில் ஒட்டவைத்து, நேராகப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது கம்பெனிக்கு இல்லம்மா. உனக்கு எப்படி வேணுமோ அப்படி இரு" என்றாள் மகள்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "நாள் பூரா நின்னுக்குனுதானே மேடம் இருக்கேன். உக்காந்து எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்.

மகள் உள்ளே போய் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.